புளியறைப் பச்சை போனில் ஏன் வெளுத்துப்போகிறது? கேமரா எக்ஸ்போஷர் - ஓர் எளிய விளக்கம்

செங்கோட்டையைத் தாண்டி கொல்லம் சாலையில் போனால், கேரள எல்லைக்கு முன்னால் வருகிற ஊர் புளியறை. சாலையை ஒட்டி வயல். வயல் முடிகிற இடத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை. ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே வருவதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே சாரல் காலம். கார் பருவ நடவும் அதே நாட்களில்தான். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் பலரும் வண்டியை இந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். இறங்குகிற எல்லோர் கையிலும் போன். சிலர் கழுத்தில் புதிதாக வாங்கிய கேமரா.

கண்ணுக்குக் காட்சி அள்ளுகிறது. படத்தைத் திறந்து பார்த்தால்தான் ஏமாற்றம். “என்னடா இது, வானம் வெள்ளைப் பேப்பர் மாதிரி இருக்கு?” “மலை சூப்பரா வந்திருக்கு, நம்ம மூஞ்சியைத்தான் காணோம்!” “பனியை எடுத்தா ஏதோ புகை மாதிரி விழுந்திருக்கு.”

போன் சரியில்லை, லென்ஸ் சரியில்லை என்று பழி போடுவது சுலபம். பெரும்பாலும் பிரச்சினை அங்கே இல்லை. எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுவது என்ற கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கின் பெயர்தான் எக்ஸ்போஷர். அதை கேமராவே போட்டுவிடுகிறது என்பது உண்மை. ஆனால், அது போடுகிற கணக்கு எல்லா இடத்திலும் சரியாக வராது.

கேமராவுக்கு எது பனி, எது பாறை?

கேமராவின் ஒளிமானி ரொம்ப எளிமையான ஓர் ஊகத்தில் வேலை செய்கிறது. எதிரே இருப்பது எதுவானாலும், அதன் சராசரி வெளிச்சம் நடுத்தர சாம்பல் நிறத்துக்குச் சமம் என்று அது எடுத்துக்கொள்கிறது. விழுகிற ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது.

வளர்ந்த நெற்பயிரின் பச்சை கிட்டத்தட்ட அந்த நடுத்தர அளவில்தான் இருக்கும். அதனால் வெறும் வயலை எடுத்தால் ஆட்டோ மோடிலேயே படம் நன்றாக வந்துவிடும். சிக்கல் மற்ற இடங்களில்தான். மலை மேல் பனிமூட்டம் இறங்கும்போது ஃபிரேம் முழுக்க வெள்ளை. ‘இவ்வளவு வெளிச்சமா?’ என்று கேமரா ஒளியைக் குறைக்கும். வெள்ளைப் பனி அழுக்குச் சாம்பலாகிவிடும். வரப்பில் நிற்கிற கறுப்பு எருமையை ஃபிரேம் நிறைய எடுத்தால் தலைகீழ். ‘இருட்டாக இருக்கிறதே’ என்று ஒளியைக் கூட்டும், எருமை வெளிறிப்போகும்.

இதற்கான மருந்து ஒரே ஒரு பொத்தான். கேமராக்களில் கூட்டல், கழித்தல் குறி போட்டிருக்கும் ‘எக்ஸ்போஷர் காம்பென்சேஷன்’. போனில், திரையைத் தொட்டதும் பக்கத்தில் வருகிற சூரியக் குறி. வெள்ளையான காட்சிக்குக் கூட்ட வேண்டும். கறுப்பான காட்சிக்குக் குறைக்க வேண்டும். பனிக்குக் கூட்டல் 1 வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். வெள்ளையைப் பார்த்தால் குறைக்கத்தான் கை போகும் என்பதால், புதிதாகக் கற்பவர்கள் முதலில் குழம்புவது இங்கேதான்.

இந்த ‘1’ என்பது ஒரு ஸ்டாப். ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பு. ஒரு ஸ்டாப் குறைத்தால் பாதி.

மடையும் மைக் செட்டும்

ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் கேமராவுக்குள் மூன்று வழிகள் இருக்கின்றன: அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு, ஐஎஸ்ஓ.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நினைத்துக்கொள்ளலாம். மடையை எவ்வளவு அகலமாகத் திறக்கிறோம் என்பது அப்பர்ச்சர். எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது ஷட்டர் ஸ்பீடு. அகலமாகத் திறந்து சீக்கிரம் அடைத்தாலும், கொஞ்சமாகத் திறந்து நெடுநேரம் விட்டாலும், வயலில் ஒரே அளவு தண்ணீர் நிற்க வைக்கலாம்.

ஐஎஸ்ஓ வேறு வகை. அது தண்ணீரைக் கூட்டுவதில்லை. கோயில் கொடையில் மைக் செட்டின் சத்தத்தைக் கூட்டுவது மாதிரி, கிடைத்த கொஞ்ச ஒளியைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. சத்தத்தைக் கூட்டும்போது பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும் அல்லவா? படத்திலும் அப்படித்தான். மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரிவதை ‘நாய்ஸ்’ என்றே சொல்கிறார்கள்.

நல்ல வெயிலுக்குப் படக்காரர்களிடம் ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு: அப்பர்ச்சர் எஃப் 16, ஐஎஸ்ஓ 100 என்றால், ஷட்டர் 1/125 நொடி. ஒளிமானியே இல்லாத கேமராக்களில் இதை வைத்துத்தான் ஒப்பேற்றினார்கள். இதையே எஃப் 11-ல் 1/250, எஃப் 8-ல் 1/500, எஃப் 5.6-ல் 1/1000 என்று மாற்றினாலும் படத்தின் வெளிச்சம் ஒன்றுதான். மடையை ஒரு படி அகலமாக்கினால் நேரம் பாதியாகிறது.

“வெளிச்சம் ஒன்றுதான் என்றால் எதை வைத்தால் என்ன?” என்று கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கவிளைவு இருக்கிறது. அப்பர்ச்சரை மாற்றினால் எவ்வளவு தூரம் வரை தெளிவாகத் தெரியும் என்பது மாறும். ஷட்டரை மாற்றினால் அசைவு மாறும். ஐஎஸ்ஓவை மாற்றினால் நாய்ஸ் மாறும். இந்தப் படத்துக்கு எது முக்கியம் என்று முடிவு செய்துவிட்டால் மற்ற இரண்டும் அதன் பின்னால் வரும்.

காலை: வயலும் மலையும் இரண்டுமே வேண்டும்

எஃப் எண் சின்னதானால் துவாரம் பெரிது. எண் பெரிதானால் துவாரம் சின்னது. ஏன் இந்த ஏடாகூடம்? அது ஒரு வகுத்தல் கணக்கு. 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2 என்றால் துவாரம் 50-ஐ 2-ஆல் வகுத்து 25 மில்லிமீட்டர். எஃப் 16 என்றால் சுமார் 3 மில்லிமீட்டர்.

துவாரம் சின்னதாக ஆக, அருகிலும் தொலைவிலும் இருப்பவை சேர்ந்தே தெளிவாகத் தெரியும். காலடியில் இருக்கிற நாற்றும் பின்னால் இருக்கிற மலையும் இரண்டுமே வேண்டும் என்றால் எஃப் 8 அல்லது எஃப் 11. ஒரே ஒரு நெற்கதிரும் அதில் உட்கார்ந்திருக்கும் தும்பியும் போதும், பின்னால் பச்சை கரைந்து நிற்கட்டும் என்றால் எஃப் 2.8 பக்கம் வர வேண்டும்.

புளியறையில் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சாரல் காலத்தில் பயிர் ஒரு நொடி சும்மா நிற்காது. 1/250 நொடிக்குக் கீழே போனால் கதிர்கள் கலங்கித் தெரியலாம். அதோடு, மேகம் வந்து வந்து போவதால் வெளிச்சமும் நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். முழு மேனுவல் மோடில் உட்கார்ந்து மூன்றையும் திருகுவதைவிட, டயலை ‘ஏ’ அல்லது ‘ஏவி’யில் வைத்து அப்பர்ச்சரை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டு, மற்றதை கேமராவிடம் விடுவதுதான் புத்திசாலித்தனம். ‘மேனுவலில் எடுத்தால்தான் போட்டோகிராபர்’ என்பதெல்லாம் சும்மா.

பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சர் மாறாது, ஒரே அளவுதான். சென்சார் சின்னது என்பதால் வயலும் மலையும் தானாகவே தெளிவாக வந்துவிடும். போர்ட்ரெய்ட் மோடில் தெரிகிற மங்கல், லென்ஸ் செய்ததல்ல. கணினிக் கணக்கு செய்தது.

இன்னொன்று, திசை. புளியறைக்கு மேற்கே மலை. காலையில் கிழக்கிலிருந்து வருகிற வெயில் மலையின் முகத்தில் நேராக விழும். பச்சை முழுசாகக் கிடைக்கும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். வயல் நிழலில், வானம் மட்டும் பளீர். நம் கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும். கேமராவின் ஒரு படத்துக்கு அந்த வசதி கிடையாது. அப்போது எடுப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்: வானத்தைக் காப்பாற்றி மலையைக் கறுப்பு நிழலுருவாக விடலாம், அல்லது வயலைக் காப்பாற்றி வானத்தை வெள்ளையாக விட்டுவிடலாம்.

சந்தேகம் வந்தால் வெளிச்சப் பகுதியைக் காப்பாற்றுவது நல்லது. முற்றிலும் வெளுத்துப்போன இடத்தில் எந்தத் தகவலும் மிஞ்சாது. எந்த ஆப்பாலும் அதை மீட்க முடியாது. இருட்டான இடத்திலிருந்து, குறிப்பாக ‘ரா’ கோப்பாக எடுத்திருந்தால், ஓரளவு மீட்கலாம்.

நண்பகல்: அருவியை நிறுத்துவதா, ஓட விடுவதா?

குற்றாலத்தில் எல்லோரும் எடுக்க ஆசைப்படுவது பட்டுநூல் மாதிரி இறங்குகிற அருவி. அது ஷட்டர் ஸ்பீடின் வேலை. 1/1000 நொடியில் ஒவ்வொரு துளியும் அந்தரத்தில் நிற்கும். கால் நொடி, அரை நொடி என்று விட்டால் துளிகள் கோடுகளாகி, கோடுகள் சேர்ந்து வெண்பட்டாகும்.

பகலில் அரை நொடி திறந்து வைத்தால் படம் முழுக்க வெளுத்துவிடாதா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடர்ந்த மேகமூட்டத்தில், தெளிந்த வெயிலைவிட மூன்று ஸ்டாப் வரை ஒளி குறைவு. ஐஎஸ்ஓ 100, எஃப் 16 வைத்தால் ஷட்டர் 1/125-லிருந்து 1/15 நொடிக்கு வந்துவிடும். மரநிழல் இருந்தால் இன்னும் இரண்டு ஸ்டாப் குறைந்து கால் நொடி. ஃபில்டர் இல்லாமலேயே வேலை முடிந்தது. சாரல் காலம் அருவிப் படத்துக்கு ஏற்றது என்பதற்கு, தண்ணீர் வரத்து போக, இதுவும் ஒரு காரணம். மரநிழல் இல்லாத இடத்தில், லென்ஸுக்கு முன் மாட்டுகிற கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் கை கொடுக்கும். மூன்று ஸ்டாப் ஃபில்டர் போட்டால் 1/15 நொடி சுமார் அரை நொடியாகும்.

கையில் பிடித்து இதைச் செய்ய முடியாது, டிரைபாட் வேண்டும். கையில் பிடிக்கும்போது, லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணே எல்லை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்: 50 மில்லிமீட்டருக்கு 1/50 நொடி, 200-க்கு 1/200. அதற்குக் கீழே போனால் கை நடுக்கம் படத்தில் தெரியும். ஐபோனில் ‘லைவ்’ வைத்து எடுத்துவிட்டு, பிறகு ‘லாங் எக்ஸ்போஷர்’ என்று மாற்றினால் ஏறக்குறைய இதே தோற்றம் கிடைக்கும். பல ஆண்ட்ராய்டு போன்களின் புரோ மோடில் ஷட்டரை நேரடியாகவே மாற்றலாம்.

சாம்பல் நிற ஊகம் அருவியிலும் இரு விதமாக ஏமாற்றும். தண்ணீரை மட்டும் நெருங்கி எடுத்தால் அது சாம்பலாகும், கூட்ட வேண்டும். கரும்பாறையும் காடும் நிறைந்திருக்க, நடுவில் மெல்லிய அருவி என்றால், பாறையை நம்பி கேமரா ஒளியைக் கூட்டி, தண்ணீரை வெளுக்க வைத்துவிடும், குறைக்க வேண்டும்.

இன்னும் இரண்டு உள்ளூர் விஷயங்கள். எண்ணெய் மசாஜ் முடித்த கையோடு போனை எடுத்தால், லென்ஸில் எண்ணெய்ப் படலம் ஒட்டி, எல்லாமே வெளிறிய மாதிரி இருக்கும். செட்டிங்கை மாற்றுவதற்கு முன் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள். அடுத்தது, ஸ்லோ ஷட்டர் கோணம் தேடி வழுக்குப் பாறையில் இறங்குவது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். மலையில் பெய்கிற மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. தடை போட்டிருந்தால் போட்டதுதான். குளிப்பவர்கள் பக்கம் லென்ஸ் திரும்பக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இரவு: பார்டர் பரோட்டாவும் ஐஎஸ்ஓவும்

செங்கோட்டை அருகே பிரானூர் பகுதியை இன்றும் ‘பார்டர்’ என்றுதான் சொல்கிறார்கள். 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை இந்தப் பக்கம் சேர்ந்து, எல்லை மேற்கே நகர்ந்துவிட்டது. பெயர் நகரவில்லை, பரோட்டாக் கடைகளும் நகரவில்லை.

ராத்திரி அந்தக் கடைகளின் முன்னால் நின்று மாவை வீசுகிறவரை எடுக்க வேண்டும். துவாரத்தை எஃப் 2.8 வரை திறந்தாயிற்று. ஷட்டரை 1/30-க்கு இறக்கினால் வெளிச்சம் போதும். ஆனால் கையும் மாவும் கலங்கிவிடும். வேறு வழியில்லை, ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று ஏற்றத்தான் வேண்டும். நாய்ஸ் வருமே என்று பயந்து பலரும் ஐஎஸ்ஓவைத் தொடாமல், கலங்கிய படத்தோடு வீட்டுக்கு வருகிறார்கள். புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்ய இன்று நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. கலங்கிய படத்தைச் சரிசெய்வது கடினம்.

படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றனவா? அது கேமராவின் குற்றமல்ல. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பட்டை பெரும்பாலும் மறைந்துவிடும்.

போனின் நைட் மோடு பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. அசையாத கோபுரத்துக்கு அருமை. பரோட்டா மாஸ்டரின் கைக்கு ஆகாது.

முகம் யாருடையது?

வயல், அருவி, கடை எல்லாவற்றையும்விட கேமரா அதிகம் தடுமாறுவது மனித முகத்தில். குறிப்பாக, நம் ஊர் முகத்தில்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. கலர் ஃபிலிம் காலத்தில், பிரிண்ட் போடும் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பிவந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் மாடலாக இருந்தவரின் பெயரால் அதற்கு ‘ஷெர்லி கார்டு’ என்று பெயர் நின்றுவிட்டது. அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கறுத்த முகங்கள் அந்தக் கணக்கில் இல்லை. பல நிறத்தவர்கள் சேர்ந்திருக்கும் கார்டு 1990-களில்தான் வந்தது. கூகுள் தன் பிக்சல் 6 போனில், எல்லா நிறத் தோலையும் உள்ளபடி காட்டுவதற்கென ‘ரியல் டோன்’ என்று அறிவித்தது 2021-ல்.

அதற்கெல்லாம் முன்பே, தமிழ் சினிமாவில் பாலு மகேந்திரா போன்றவர்கள், கிடைக்கிற இயற்கை ஒளியில் மாநிற முகங்களை அவற்றின் நிறத்திலேயே காட்டியிருக்கிறார்கள். ‘கோகிலா’, ‘மூன்றாம் பிறை’ படங்களின் ஒளிப்பதிவுக்கு அவர் தேசிய விருது பெற்றார். கருவி மாறினாலும் கேள்வி ஒன்றுதான்: எதற்கு ஒளியைக் கணக்கிடுவது?

புளியறை வயலில் நடவு செய்கிற ஒருவரை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பின்னால் வெளிர் வானம் இருந்தால், கேமரா வானத்தைப் பார்த்து ஒளியைக் குறைக்கும், முகம் இருண்டுவிடும். நேர்மாறாக, முகத்தை மட்டும் அளக்கச் சொன்னால், கறுத்த முகத்தையும் நடுத்தரச் சாம்பலுக்கு இழுத்து, இல்லாத வெளுப்பைப் பூசும். இன்றைய போன்கள் முகத்தை அடையாளம் காண்கின்றன. ஆனாலும் எவ்வளவு வெளிச்சம் சரி என்பதை ஊகிக்கத்தான் செய்கின்றன. அதற்கு மேல் சில போன்களின் பியூட்டி ஃபில்டர் தன் பங்குக்குத் தேய்த்து வெளுக்கும்.

செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, இரண்டடி நகர்ந்து, அவருக்குப் பின்னால் வானத்துக்குப் பதில் மலை வருகிற மாதிரி நிற்பது. மலை கரும்பச்சை, முகத்தோடு போட்டி போடாது. பாதிச் சிக்கல் இதிலேயே தீரும். இரண்டு, முகத்தைத் தொட்டு, விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் எக்ஸ்போஷர் பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியக் குறியை லேசாகக் கீழே இறக்க வேண்டும். கேமராவில் ஸ்பாட் மீட்டரில் முகத்தை அளந்து அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைக்கலாம். மேகமூட்டத்தில் இப்படி எடுத்தால், கறுத்த முகமும் தலையில் கட்டிய வெள்ளைத் துண்டும் இரண்டும் தத்தம் நிறத்தில் நிற்கும். மூன்று, பியூட்டி ஃபில்டரை அணைப்பது.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சாலையிலிருந்து ஜூம் பண்ணித் திருட்டுத்தனமாக எடுக்காமல், “அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?” என்று கேட்பது. வேண்டாம் என்றால் நகர்ந்துவிடலாம். சரி என்றால், நட்ட நாற்றை மிதிக்காமல் வரப்பிலேயே நின்று எடுத்துவிட்டு, திரையை அவரிடம் காட்டலாம்.

செட்டிங் சரியா என்று பார்க்க ஹிஸ்டோகிராமைவிடச் சுலபமான சோதனை அது. “நானா இது, இவ்ளோ வெள்ளையா இருக்கேன்?” என்று அவர் சிரித்தால், சூரியக் குறியை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும் என்று அர்த்தம்.